அச்சுறுத்தும் எழுத்தும் அறிவுறுத்தும் எழுத்தும்

திறனாய்வு செய்வோர் பெரும்பாலும் காப்பியங்களை எடுத்துக்கொள்வர், சீறாப்புராணத்தை எடுப்பர், சூஃபி ஞானியரின் பாடல்களை எடுப்பர். தெருவில் கொடுக்கப்படும் துண்டு வெளியீட்டைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வோரைக் காண்பது அரிது. ஆயினும் அன்பர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். நம் பிள்ளைகளில் சீறாவின் ஒரு படலத்தையேனும் முழுமையாக ஓதியவர் எத்தனை பேர்? பள்ளிவாசல் வாயிலிலும் பள்ளிக்கூடத் திடலிலும் பேருந்து நிலையத்திலும் கையில் திணிக்கப்படும் துண்டுத் தாளைப் படிக்காத பிள்ளை உண்டோ? மிகுதியான கைகளுக்குச் சென்று சேரும் எழுத்து எதுவோ, அதுவே கண்டிப்பான ஆய்வுக்கு உரியது என்பது என் கருத்து.

என் பெட்டியில் இவ்வாறு சேர்ந்த பதினொரு வெளியீடுகள் இருக்கின்றன. அனைத்தும் போதை ஒழிப்பைப் பற்றியவை. மூக்கண்டப்பள்ளியிலும் ஓசூரிலும் பல ஆண்டுகளில் என் கைக்கு வந்தவை. அவற்றுள் ஒன்று 2009ஆம் ஆண்டில் நானே எழுதி, நன்கொடை திரட்டி அச்சிட்டது. பிறர் எழுத்தைக் குறை காண்பவன் தன் எழுத்தை ஒளித்து வைப்பது நேர்மையன்று. ஆகவே எனதையும் சேர்த்தே ஆராய்கிறேன். முடிவில், பதினொன்றில் மிகவும் குறையுடையது என்னுடையதே என்று வாசகர் தீர்ப்பளிப்பாராயின், அத்தீர்ப்பை ஏற்பேன்.

முதலில் இந்த எழுத்துக்கள் உலவும் மண்ணைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். மூக்கண்டப்பள்ளி ஒரு காலத்தில் சிற்றூர். சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் அதன் முகம் மாறியது. நெல்லை, இராமநாதபுரம், தருமபுரி முதலிய ஊர்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள், ஓர் அறையில் ஐவரும் அறுவருமாகத் தங்கி, மூன்று ஷிப்டுகளில் உழைக்கின்றனர். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, இந்தி ஆகிய ஐந்து மொழிகளும் ஒரே தேநீர்க் கடையில் ஒலிக்கின்றன. ஜூஜூவாடியைக் கடந்தால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். ஒரு மாநிலத்தில் தடையுள்ள பொருள் மறு மாநிலத்திலிருந்து வருவதற்கு ஒரு பேருந்துச் சீட்டே போதுமானது. தாயும் தந்தையும் அருகில் இல்லாத, இரவு உழைப்பினால் உறக்கம் கெட்ட, கையில் முதன்முதலாகச் சம்பளம் கண்ட இளைஞனே இந்தத் துண்டு வெளியீடுகளின் வாசகன்.

இம்மண்ணுக்கு மதுவைப் பற்றிய நினைவு நீண்டது. தகடூரை ஆண்ட அதியமான், கிடைத்த கள் சிறிதாயின் தனக்கே அளித்து மகிழ்ந்தான் என்று ஔவையார் அவன் மறைவுக்கு இரங்கிப் பாடிய பாட்டு புறநானூற்றில் உள்ளது. அத்தகடூரே இன்றைய தருமபுரி. ஓசூரும் கிருஷ்ணகிரியும் பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில், இராஜாஜி தலைமையிலான அரசு சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது அச்சேலம் மாவட்டத்தில்தான். மதுவைப் போற்றிய பாட்டும் மதுவை விலக்கிய சட்டமும் ஆகிய இரண்டையும் கண்ட நிலம் இது. இங்கு வாழும் மக்கள் ஒன்றும் அறியாதவர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுவது முதற் பிழை.

இனி, வெளியீடுகளுக்கு வருவோம். பதினொன்றையும் அருகருகே வைத்துப் படித்தபோது நான்கு குற்றங்கள் பொதுவாகப் புலப்பட்டன.

முதற் குற்றம் மிகை. “ஒரு முறை தொட்டால் வாழ்வே முடிந்தது” என்னும் பொருளில் அமையாத வெளியீடு ஒன்றுகூட இல்லை. என் வெளியீட்டில், கஞ்சாவை ஒரு முறை இழுத்தவனுக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று எழுதியிருந்தேன். எந்த மருத்துவ நூலைப் பார்த்து எழுதினேன்? எதையும் பார்க்கவில்லை. அச்சம் நன்மை செய்யும் என்று கருதினேன். உண்மை வேறு. ஒரு முறை புகைத்த பெரும்பாலோர்க்குப் பைத்தியம் பிடிப்பதில்லை. ஆனால் இளம் பருவத்தில் தொடங்குவோர்க்கும், நாள்தோறும் புகைப்போர்க்கும், குடும்பத்தில் மனநோய் உள்ளோர்க்கும் மனச்சிதைவு வரும் வாய்ப்பு மிகுகிறது. இவ்வுண்மையே ஓர் இளைஞனை நிறுத்தி யோசிக்க வைக்கப் போதுமானது. அதை விட்டுவிட்டுப் பொய்யை எழுதினேன்.

மதுவைப் பற்றிய கணக்கும் இத்தகையதே. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நடுவண் அரசுக்காக எடுத்து 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர். அவர்களுள் சற்றேறக்குறைய மூவரில் ஒருவர், உதவி தேவைப்படும் அளவுக்குத் தீங்கில் சிக்கியவர் அல்லது அடிமையானவர். “குடித்தவர் அனைவரும் அழிந்தனர்” என்பது பொய். “குடித்தவர் மூவரில் ஒருவர் வீழ்ந்தார், அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் இயலாது” என்பது மெய். இவ்விரண்டில் எது அச்சம் மிகுந்தது? எனக்கு இரண்டாவதே அச்சம் தருகிறது.

இரண்டாம் குற்றம், எல்லாப் பொருளையும் ஒரே மூட்டையில் கட்டுதல். புகையிலை, மது, கஞ்சா, வலி மாத்திரை, பஞ்சர் ஒட்டும் பசை, ஊசி ஆகிய யாவற்றுக்கும் ஒரே மண்டையோட்டுப் படம், ஒரே சாபம். ஒவ்வொன்றும் உடலில் வேலை செய்யும் விதம் வேறு. கொல்லும் விதமும் வேறு. அவற்றுள் ஒன்று சொன்ன அளவுக்குக் கொடியதன்று என்று பையன் கண்டுகொண்டால், மற்றவையும் அவ்வாறே என்று முடிவு செய்வான். தருக்க நூலார் இதனைப் போலி நியாயம் என்பர். ஆனால் அப்போலி நியாயத்தை அவனுக்குக் கற்பித்தவர் நாமே.

மூன்றாம் குற்றம், வீழ்ந்தவனை இழிவுபடுத்தல். பாம்பு, பன்றி, பிணம் என்று வரைந்த படங்கள். அவற்றைப் பார்க்கும் அடிமை திருந்துவதில்லை, ஒளிந்துகொள்கிறான். ஒளிந்தவனுக்கு மருத்துவர் எட்டமாட்டார்.

நான்காம் குற்றமே பெருங்குற்றம்: ஆபத்து வந்தபின் என்ன செய்வது என்பதைப் பற்றிய முழு மௌனம். பதினொரு வெளியீடுகளில் ஒன்றிலாவது, “உன் நண்பன் மயங்கிக் கிடந்தால் இதைச் செய்” என்று ஒரு வரி இல்லை.

இம்மௌனத்தின் விலையை நான் அறிந்த விதத்தைக் கூறுகிறேன். என்னிடம் சிறுவயதில் மக்தபில் ஓதிய ஒருவன், பின்னர்த் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தான். ஓர் இரவு அவனுடைய அறைத்தோழன் வலி மாத்திரைகளை மதுவோடு சேர்த்து உட்கொண்டு படுத்தான். கனத்த குறட்டை கேட்டது. நன்றாக உறங்குகிறான் என்று மற்றவர்கள் விளக்கை அணைத்தனர். ஒருவனுக்கு ஐயம் எழுந்தது. ஆனால் ஆம்புலன்ஸை அழைத்தால் போலீஸ் வருமோ, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வாரோ, ஊருக்குச் செய்தி போகுமோ என்று அஞ்சி வாளாவிருந்தனர். விடியலில் உடல் குளிர்ந்திருந்தது.

சில வாரங்கள் கழித்து அவன் என்னைக் காண வந்தான். தலை குனிந்தபடியே பேசினான்: “ஹஜ்ரத், ஒரு இழுப்புக்கே பைத்தியம் பிடிக்கும் என்று எழுதினீர்கள். நான் இழுத்துப் பார்த்தேன், பிடிக்கவில்லை. அதனால் மாத்திரையைப் பற்றி நீங்கள் எழுதியதையும் நாங்கள் நம்பவில்லை. குறட்டை கேட்டால் ஆளை எழுப்பிப் பாருங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால், அதைச் செய்திருப்போம்.”

அதற்கு மறுமொழி என்னிடம் இல்லை, இன்றும் இல்லை.

என் வெளியீட்டின் மற்றொரு குறை இதனினும் வெட்கப்படத்தக்கது. 2008ஆம் ஆண்டு மே மாதம், பெங்களூரு, கோலார் பகுதிகளிலும் எல்லைக்கு இப்பால் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் கள்ளச் சாராயம் அருந்தி நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கர்நாடக அரசு 2007 ஜூலை முதல் நாளிலிருந்து சாராய விற்பனையைத் தடை செய்திருந்தது. கடை மூடப்பட்டது, குடிப்பவனின் வழக்கம் மூடப்படவில்லை. அவன் மலிவான கள்ளச் சரக்கைத் தேடிச் சென்றான். அம்மரணங்கள் நிகழ்ந்த அடுத்த ஆண்டில், அதே மாவட்டத்தில் அமர்ந்துகொண்டு நான் எழுதிய வெளியீட்டில், மெத்தனால் என்னும் சொல்லே இல்லை.

மெத்தனால் என்பது தொழிற்சாலைகளில் பயன்படும் ஒரு வகைச் சாராயம். நிறத்தாலும் மணத்தாலும் சுவையாலும் அதனை மற்றதிலிருந்து பிரித்தறிய இயலாது. உடலுக்குள் சென்றபின் அது பார்மிக் அமிலமாக மாறுகிறது. அவ்வமிலம் கண் நரம்பைத் தாக்கும்; குருதியின் தன்மையைக் கெடுக்கும். மாற்றம் நிகழப் பல மணி நேரம் ஆகும். ஆதலால் குடித்தவன் முதல் நாள் நலமாகவே இருப்பதாக எண்ணுகிறான். மறுநாள் வயிற்று வலியும் வாந்தியும் மூச்சு வாங்கலும் தோன்றுகின்றன. பார்வை பனிமூட்டம் போல் மங்குகிறது. அந்நேரத்தில் மருத்துவமனையை அடைந்தால் மாற்று மருந்து உண்டு. குருதியைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் உண்டு. உயிரையும் கண்ணையும் காக்கும் வாய்ப்பு உண்டு. “பித்தம்” என்று சொல்லி வீட்டில் படுத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

இந்த ஐந்தாறு வரிகளை யாரும் மக்களிடம் சேர்க்கவில்லை. விளைவு என்ன? 2023 மே மாதம் மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் அறுபதுக்கும் மேற்பட்டோர். கருணாபுரத்தில், இறந்தவர் வீட்டுத் துக்கத்துக்கு வந்தவர்களும் அதே சரக்கை அருந்தியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. சாவுக்குக் காரணம் இன்னதென்று உடனே உரத்துச் சொல்லப்பட்டிருந்தால், அக்கைகள் அந்தப் பையைத் தொட்டிருக்குமா?

இங்கு ஓர் ஆட்சேபம் எழும். நம் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவரே என்னிடம் இதனைக் கேட்டார்: “ஹராமான ஒன்றைச் செய்பவனுக்கு, ஆபத்தில்லாமல் செய்யும் வழியைச் சொல்லிக் கொடுப்பதா? இது அனுமதி கொடுத்தது ஆகாதா?” கேள்வி நியாயமானது. நையாண்டியால் ஒதுக்கத்தக்கதன்று. மார்க்க நூல்களைக் கொண்டே இதற்கு விடை தேடுவோம்.

திருமறை மதுவைப் பற்றிப் பேசிய முறையைக் காண்க. அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம், மதுவிலும் சூதிலும் பெரும் பாவம் உண்டு என்றும், மனிதர்க்குச் சில பயன்களும் உண்டு என்றும், பாவமே பயனினும் பெரிது என்றும் கூறுகிறது. படைத்தவனே பயனை மறைக்கவில்லை! மறைத்திருந்தால், பயனைக் கண்டவன் பாவத்தையும் ஐயுற்றிருப்பான். பின்னர் அந்நிஸா அத்தியாயத்தில், போதையில் இருக்கும்போது தொழுகையை நெருங்காதீர் என்ற கட்டளை. இறுதியாக அல்மாயிதாவில் முழு விலக்கு. முதன்முதலிலேயே “மது அருந்தாதீர்” என்று இறங்கியிருப்பின் மக்கள் மறுத்திருப்பர் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. நிற்க. இறுதி விலக்கு வந்தபின் முந்திய நிலைக்குத் திரும்ப எவர்க்கும் உரிமையில்லை. ஹராம் ஹராமே. நான் இங்கிருந்து எடுத்துக்கொள்வது உரைக்கும் முறையை: மெய்யை மறைக்காமை, கேட்போனின் நிலையறிந்து பேசுதல்.

மது அருந்தியமைக்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரை, கூட்டத்தில் ஒருவர் சபித்தபோது, அவரைச் சபிக்காதீர், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தியும் அந்நூலிலேயே உண்டு. தண்டனை நிற்கிறது, இழிவுபடுத்தல் தடுக்கப்படுகிறது. நம் வெளியீடுகளில் உள்ள பாம்பும் பன்றியும் இந்த அளவுகோலுக்கு முன் நிற்குமா?

ஃபிக்ஹு கலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று, இரு தீங்குகள் எதிர்ப்படுமாயின் சிறியதை ஏற்றுப் பெரியதைத் தடுத்தல் என்பது. உதுமானியரின் மஜல்லாச் சட்டத் தொகுப்பிலும் இது இடம் பெற்றுள்ளது. மருத்துவர் இன்று தீங்கு குறைப்பு என்று சொல்வதை, அரபு மதரஸாவில் ஓதியவன் புதுமை என்று கருதவேண்டியதில்லை. குடித்தது ஒரு தீங்கு. குடித்தவன் சாவது அதனினும் பெரிய தீங்கு. செத்தவனுக்குத் தவ்பாவின் வாயில் இல்லை. அவனை உயிரோடு வைத்திருப்பது, திருந்துவதற்குரிய காலத்தை அவனுக்கு வாங்கித் தருவதாகும்.

திருவள்ளுவரும் இவ்வழியே நிற்கிறார். கள்ளுண்ணாமை அதிகாரத்தில், போதையில் இருப்பவனுக்கு நியாயம் கூறுதல், நீருள் மூழ்கியவனை விளக்கேந்தித் தேடுவதற்கு ஒப்பு என்கிறார். அடுத்த குறளில், தான் உண்ணாத பொழுதில் உண்டவனைக் காண்பவன் தன் சோர்வை எண்ணிப் பாரானோ என்று வினவுகிறார். தெளிந்த நேரத்தில் அவனுடைய அறிவை நோக்கிப் பேசு என்பதே இதன் குறிப்பு. கம்ர் என்ற அரபுச் சொல்லின் வேரும் மூடுதல் என்னும் பொருளுடையது. அறிவை மூடுவது கம்ர் என்று உமர் (ரலி) அவர்கள் விளக்கினார்கள். பொய்யும் அறிவை மூடுவதே. மூடியதை மூடியாலேயே திறக்க முயன்றோம்.

“சொல்லிக் கொடுத்தால் ஆசை வரும்” என்பாரும் உளர். அமெரிக்காவில் 1983இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கி நாடெங்கும் பரவிய டேர் என்னும் பள்ளித் திட்டம், காவலர்கள் வகுப்பறைக்கு வந்து “வேண்டாம் என்று சொல்” எனக் கற்பித்த திட்டம். பின்னர் நடந்த ஆய்வுகள் பலவும், அதில் பயின்ற பிள்ளைகளுக்கும் பயிலாத பிள்ளைகளுக்கும் நிலைத்த வேறுபாடு இல்லையென்றே கண்டன. உறுதிமொழியும் முழக்கமும் மட்டும் போதா என்பதற்கு இதனினும் பெரிய சோதனை வேண்டுமோ? ஆனால் ஒரு வரம்பை நானும் ஒப்புவேன். எட்டு வயதுப் பிள்ளைக்கும் இருபது வயதுத் தொழிலாளிக்கும் ஒரே தாளைக் கொடுத்தல் கூடாது. எவ்வாறு பெறுவது, எவ்வாறு உட்கொள்வது என்ற செய்தி எந்தத் தாளிலும் வரக்கூடாது. எவ்வாறு சாகிறார்கள், எவ்வாறு காக்கலாம் என்பது மட்டும் தவறாமல் வரவேண்டும்.

குறை சொல்லி முடிப்பது திறனாய்வாளனுக்கு எளிது. நான் எழுதியிருக்க வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன்.

மயங்கியவன் கனமாகக் குறட்டை விட்டால், உதடு நீலம் பாய்ந்தால், தட்டி எழுப்பியும் விழிக்காவிட்டால், அது உறக்கமன்று; மூச்சு அடங்குகிறது. வலி மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் இது நேரும். வாந்தி தொண்டையை அடைக்காதிருக்க ஒருக்களித்துப் படுக்க வை, தனியே விடாதே, 108ஐ அழை, என்ன உட்கொண்டான் என்பதை மருத்துவரிடம் மறைக்காதே. மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு செல்.

பஞ்சர்ப் பசையையும் தின்னரையும் முகரும் பழக்கம் பெரியவரைவிடச் சிறுவரிடமே மிகுதி என்று மேற்சொன்ன ஆய்வு காட்டுகிறது. முகர்ந்துகொண்டிருக்கும் சிறுவனைக் கண்டால் கத்தாதே, துரத்தாதே, அடிக்காதே. அந்நேரத்தில் திடீர் அச்சமும் ஓட்டமும் இதயத்தை நிறுத்திவிடக் கூடும். அமைதியாக அருகே சென்று காற்றுள்ள இடத்தில் அமர்த்து.

ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சி நோயும் பரவும். பகிர்ந்தவன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் இன்று மருத்துவம் உண்டு.

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவன் ரமலான் பிறை கண்டதும் திடீரென நிறுத்துவான். அவன் நிய்யத்து போற்றத்தக்கது. ஆனால் நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கைநடுக்கமும் வலிப்பும் சித்தப் பிரமையும் வரக்கூடும். அவை உயிருக்கே ஆபத்தானவை. அவனை ஜின் பிடித்தது என்று கருதாமல், ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டத்தில் 64ஏ என்னும் பிரிவு உண்டு. தானே பயன்படுத்தியமைக்காகவோ சிறு அளவு வைத்திருந்தமைக்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமை, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. இவ்விரண்டும் அச்சிடப்படாத தாளை இனி நான் பள்ளிவாசல் வாயிலில் கொடுக்கமாட்டேன்.

மேலே கண்டவற்றுள் எந்த ஒரு வரியும் மதுவை ஆகுமாக்கவில்லை. எந்த ஒரு வரியும் பொய்யுமில்லை. 2009இல் எழுதிய தாளில் மிஞ்சியிருந்த கட்டு ஒன்றைச் சென்ற மாதம் எடுத்து எரித்தேன். ஒரே ஒரு படியை மட்டும் வைத்திருக்கிறேன். புதியதை எழுதும்போது அது கண்முன் இருக்கவேண்டும். எழுதி முடித்ததும் அச்சகத்துக்கு அனுப்புமுன், ஓர் அரசு மருத்துவரிடமும், அன்று தலைகுனிந்து நின்ற அந்த மாணவனிடமும் படித்துக் காட்ட எண்ணியிருக்கிறேன். அவன் நம்புகிற வரிகளே நிற்கும்.

எழுதுகோலைக் கொண்டு கற்பித்த இறைவன், நம் எழுதுகோல்களை உண்மைக்கு வெளியே செல்லாமல் காப்பானாக. ஆமீன்.